மலைத்தோட்ட மக்களும் அரசின் சமூகப் பாதுகாப்பும்

மாத்தளை நகருக்குத் தென்கிழக்கே, வத்தேகமவை நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் அமைந்துள்ளது எல்கடுவ. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சாரலிலே, ஹுன்னஸ்கிரிய அருவிக்கு அண்மையிலே, தேயிலைச் செடிகள் போர்த்த குன்றுகளுக்கிடையே கிடக்கும் இவ்வூரைக் காண வருவோர் அதன் எழிலைப் புகழ்ந்து செல்வது வழக்கம். ஆனால், அக்குன்றுகளில் கொழுந்து பறித்து முதுமையெய்திய ஒருத்தி எவ்வாறு வாழ்கின்றாள் என வினவுவோர் சிலரே. உழைக்கும் கை ஓய்ந்த பின்னர் அக்கைக்குச் சோறிடுபவர் யார்? மகனா, துரையா, அரசா? இவ்வினாவுக்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

நலிந்தோரைத் தாங்குதல் நம் முன்னோர் அறியாத புதுமையன்று. சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து பதினைந்து படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை நடைபெற்றதைத் தெரிவிக்கின்றது. இலங்கையில் மிகிந்தலையிலும் பண்டை மருத்துவமனை ஒன்றின் இடிபாடுகளை இன்றுங் காணலாம். வழிப்போக்கர்க்கு மடங்களும், பசித்தோர்க்கு அன்னசத்திரங்களும் அமைத்தல் பேரறமாகப் போற்றப்பட்டது. எனினும், இவையெல்லாம் கொடுப்போன் மனத்தைப் பொறுத்தவை. கொடுப்பவனுக்கு அது புண்ணியம். பெறுபவனுக்கோ அது கிடைத்தாற் கிடைத்தது. “எனக்கு இது சேரவேண்டியது” என்று கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை.

அவ்வுரிமையைச் சட்டமாக்கிய பெருமை அண்மை நூற்றாண்டுகளுக்கே உரியது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-ஆம் ஆண்டு நோய்க்கும், 1884-இல் விபத்துக்கும், 1889-இல் முதுமைக்கும் காப்புறுதிச் சட்டங்களை ஏற்படுத்தினார். இங்கிலாந்து 1908-இல் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. 1942-இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை, வறுமை, பிணி, அறியாமை, சுகாதாரக்கேடு, வேலையின்மை ஆகிய ஐந்தையும் அரசு எதிர்த்துப் போரிடவேண்டிய பகைகளாக வகுத்துக் காட்டியது. இம்முயற்சிகளை ஒப்புநோக்கின், உதவி மூன்று வாயில்களின் வழியே வரக் காண்கிறோம். தொழில் கொடுப்போன் மீது சட்டம் சுமத்தும் கடமை ஒன்று. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து செலுத்தும் சேமிப்பு மற்றொன்று. குடிமகன் என்ற காரணத்தாலேயே அரசு தன் திறைசேரியிலிருந்து வழங்குவது மூன்றாவது. இம்மூன்றில் எவ்வாயில் எவர்க்குத் திறந்தது, எவ்வளவு காலந் தாழ்த்தித் திறந்தது என்பதைக் கொண்டே ஒரு மக்கட்கூட்டத்தின் நிலையை அளந்தறியலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கை மத்திய மலைநாடெங்கும் பரவிய காலத்தில், தமிழகத்திலிருந்து பல்லாயிரவர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். காடும் வறட்சியும் நிறைந்த வடபாதையிலே தம்புள்ளையைக் கடந்து, மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையேறினர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். 1880-இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. அதற்குள் 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியிருந்தது. கோப்பி சென்று தேயிலை வந்தது. ஆனால் தொழிலாளியின் நிலை பெரிதும் மாறவில்லை. கங்காணியிடம் பட்ட கடனோடு வந்தவன் அக்கடன் தீருமட்டும் வேறு தோட்டம் செல்ல இயலாதவனாயினான். கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. அத்துண்டு முறை 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இக்காலத்தில் தோட்டத்து ஏழைக்குக் கிடைத்த பாதுகாப்பு அனைத்தும் முதல் வாயிலின் வழியே, அஃதாவது துரையின் வழியே வந்தது. 1872-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுத்து, தொழிலாளரின் சிகிச்சைக்குத் தோட்டங்களைப் பொறுப்பாக்கிற்று. 1912-இல் அது விரிவாகத் திருத்தியமைக்கப்பட்டது. 1927-இல் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்ச வேதனச் சட்டமும், 1934-இல் வேலையில் காயமுற்றோர்க்கு நட்டஈட்டுச் சட்டமும், 1939-இல் பிரசவ சகாயச் சட்டமும், 1941-இல் வேதன சபைகள் சட்டமும் இயற்றப்பட்டன. பிள்ளைகளைப் பகலிற் பேணப் பிள்ளைக் காம்பராக்களும் தோட்டங்களில் அமைந்தன. இச்சட்டங்களைச் சிறியன என இகழ்தல் தகாது. அக்கால இலங்கையில் கிராமத்து உழவனுக்குப் பிரசவ சகாயமும் இல்லை, குறைந்தபட்ச வேதனமும் இல்லை. அவ்வகையில் தோட்டத் தொழிலாளி ஒருபடி முன்னே நின்றான் என்று கூறுவதும் பொருந்தும்.

ஆயினும், இம்முறையின் உள்ளே ஒரு குறை மறைந்திருந்தது. துரையின் கடமை செக்ரோலில் பெயருள்ளவர் மட்டுமே. நாட்பெயர் பதியும் அவ்வேட்டில் பெயர் இருக்குமட்டும் லயத்தில் ஓர் அறை உண்டு, மருந்து உண்டு, அரிசி உண்டு. பெயர் அடிக்கப்பட்டதும் இவையனைத்தையும் இழக்கும் நிலை எய்தும். முதியவன் மகனுடைய பெயரின் நிழலிலும், கைம்பெண் மகளுடைய பெயரின் நிழலிலும் ஒதுங்கியே வாழவேண்டியதாயிற்று. உழைப்போனுக்குப் பாதுகாப்பு இருந்தது. உழைக்க இயலாதவனுக்கே அது பெரிதும் தேவை என்பதை அவ்வேடு அறியவில்லை.

இதே காலத்தில் நாட்டின் ஏனைய பகுதிகளில் மூன்றாவது வாயில் மெல்லத் திறக்கலாயிற்று. 1931-இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தபின், மக்கட் பிரதிநிதிகள் ஏழைகளின் குறையைச் செவிமடுக்க வேண்டியவர்களாயினர். 1934, 1935-ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் நாட்டுப்புற வறுமையின் ஆழத்தை யாவர்க்கும் புலப்படுத்திற்று. 1939-இல் ஏழைகள் சட்டம் நிறைவேறியது. கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரசபைகள் தத்தம் ஏழைகளைத் தாமே தாங்க வேண்டுமென அது விதித்தது. பிற இடங்களில் அரசாங்கமே மாதந்தோறும் சிறு உதவிப்பணம் வழங்கிற்று. ‘பொதுசன உதவிப்பணம்’ என்பது அதன் அலுவலகப் பெயர்; ‘பிச்சைச் சம்பளம்’ என்பது மக்கள் அதற்கிட்ட பெயர். அவ்வொரு சொல்லிலே பழைய தானமும் புதிய உரிமையும் ஒன்றோடொன்று முரணி நிற்பதைக் காணலாம். பிச்சை என்பது இரந்து பெறுவது. சம்பளம் என்பது உரிமையாற் பெறுவது. பெறுபவர் எதனைப் பெறுகின்றார் என்பதை நாடு அன்று முடிவு செய்திருக்கவில்லை.

ஐவர் ஜென்னிங்ஸ் தலைமையில் நியமிக்கப்பட்ட சமூக சேவைகள் ஆணைக்குழு 1947-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. நோய், முதுமை, வேலையின்மை முதலியவற்றைத் தனித்தனித் தருமங்களாக நோக்காமல் ஒரே கொள்கையின் கீழ்க் கொணர வேண்டுமென்னும் எண்ணம் இலங்கையில் வலுப்பெற்றது இக்காலத்திலேயாம். 1948-இல் சமூக சேவைத் திணைக்களம் தனியே நிறுவப்பட்டது. 1945-இல் தொடங்கிய இலவசக் கல்வியையும், அரசினர் வைத்தியசாலைகளின் இலவச மருத்துவத்தையும் இதனோடு சேர்த்து நோக்கின், ஆசிய நாடுகளுக்குள் இலங்கை இத்துறையில் முன்னணியில் நின்றதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அந்த 1948-ஆம் ஆண்டே மலைநாட்டுத் தமிழர்க்குப் பெருந்துயர் விளைத்த ஆண்டாகவும் அமைந்தது. அவ்வாண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949-ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் அவர்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1947-இல் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஒரு சமூகம் அடுத்த தேர்தலில் குரலற்று நின்றது. சமூகப் பாதுகாப்பின் மூன்றாம் வாயிலுக்குத் திறவுகோல் குடியுரிமை. ஏனையோர்க்கு அவ்வாயில் அகலத் திறந்த அதே வேளையில், தோட்டத்து மக்களின் கையிலிருந்த திறவுகோல் பறிக்கப்பட்டது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரென மதிப்பிடப்பட்ட நாடற்றோருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எல்கடுவ போன்ற மலைத்தோட்டங்களின் லயங்களிலே, ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த உறவினருள் ஒருவர் இந்தியப் பிரஜையாகவும் ஒருவர் இலங்கைப் பிரஜையாகவும் ஒருவர் எந்நாட்டுக்கும் உரியரல்லாதவராகவும் ஆகும் நிலை இதனாற் பிறந்தது.

இவ்விருளிடையே ஒரு திட்டம் மட்டும் லயத்து அறைவரை சென்றது. அது 1942-இல் போர்க்காலத்திற் புகுத்தப்பட்ட அரிசிப் பங்கீடு. தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தமையால், பெறுவோனின் வருமானம் யாது, நிலம் எவ்வளவு என்ற வினாக்களுக்கு இடமிருக்கவில்லை. 1953-இல் பங்கீட்டரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாட்டிலெழுந்த ஹர்த்தாலும், அதன் விளைவாகப் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தமையும் அதனை மக்கள் எத்துணை உரிமையாகக் கருதினர் என்பதற்குச் சான்றாம். 1973, 1974-ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியிற் பங்கீடு சுருங்கியபோது பெருந்துன்பமுற்றவர் தோட்டத்து மக்களே. கிராமத்தவனுக்குப் பலாமரமும் கிழங்குத் தோட்டமும் இருந்தன. லயத்தவனுக்கோ வாசலில் ஒரு முழ நிலமும் சொந்தமில்லை. பட்டினியால் தோட்டங்களில் உயிரிழந்தோரின் செய்தி அக்காலத்தின் ஆறாத வடுவாகும்.

1979-இல் பங்கீட்டின் இடத்தில் உணவு முத்திரைகள் வந்தன. மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கே அவை உரியன என விதிக்கப்பட்டது. இங்கே ஒரு நுட்பம் நோக்கற்பாலது. கிராமத்தில் தன் வருமானம் இவ்வளவு எனக் கூறுபவனின் சொல்லே பெரும்பாலும் சான்று. தோட்டத் தொழிலாளியின் வருமானமோ ஒவ்வொரு நாளும் செக்ரோலில் எழுதப்பட்டுள்ளது. கணவன், மனைவி, பிள்ளை மூவரும் உழைத்தால், மூவரின் கூலியும் சேர்ந்து அவர்களை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். ஒரு காலத்தில் லயத்து அறையையும் மருந்தையும் பெற்றுத்தந்த அதே ஏடு, இப்போது அரசின் உதவியை மறுக்கும் சான்றாயிற்று.

இனி, இரண்டாவது வாயிலாகிய சேமிப்பு முறையை நோக்குவோம். 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தொழிலாளர் வரலாற்றில் ஒரு திருப்பம். இன்று தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தொழில் கொடுப்போனிடமிருந்து 12 பங்கும் இந்நிதிக்குச் சேர்கின்றன. 1980-இல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் (நூற்றுக்கு 3 பங்கு, தொழில் கொடுப்போனே செலுத்துவது), 1983-இல் பணிக்கொடைச் சட்டமும் இதனோடு சேர்ந்தன. ஐந்தாண்டு உழைத்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் கூலி பணிக்கொடையாக உண்டு. 1984-இல் ஆண், பெண் கூலி சமமாக்கப்பட்டபின், கொழுந்தெடுக்கும் பெண்ணின் சேமிப்பும் அதற்கேற்ப உயர்ந்தது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம். தம் வாழ்நாளில் ஒரு பெருந்தொகையைத் தம்முடையதென எண்ணிக் கையிலெடுக்கும் வாய்ப்பைப் பல தோட்டக் குடும்பங்களுக்கு இந்நிதியே முதன்முதலில் அளித்தது.

எனினும், இந்நிதிக்கும் இரண்டு இடர்கள் நேர்ந்தன. முதலாவது, அது மாதந்தோறும் வரும் ஓய்வூதியமன்று. ஒரே தடவையிற் கைக்கு வருவது. மகளின் கலியாணம், மகனின் கடை, பழைய கடன் எனப் பலவழியில் அது கரைந்தபின், மீதி ஆயுளுக்குத் துணையில்லை. இரண்டாவது, பெயர் வேறுபாடு. செக்ரோலில் ‘மாரியாயி’ என்றும், பிறப்புப் பத்திரத்தில் ‘மாரியம்மா’ என்றும், அடையாள அட்டையில் வேறொன்றாகவும் எழுதப்பட்ட ஒருத்தி, மூவரும் தானே என நிறுவக் கந்தோர் கந்தோராக அலைய வேண்டியதாகும். தமிழ்ப் பெயர்களைப் பிறமொழியில் எழுதிய எழுத்தரின் கைப்பிழைக்கு, எழுத்தறியாதவள் தன் முதுமையில் வட்டி செலுத்துகின்றாள். 1968-ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி அடையாள அட்டைகள் வழங்கப்பட்டபோது, நாடற்றிருந்தோர் பலர் அதனைப் பெறாமல் நெடுங்காலம் இருந்தமையும் இவ்விடரைப் பெருக்கிற்று.

1972, 1975-ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. இதனால் துரையின் வாயிலும் அரசின் வாயிலும் ஒன்றாகிவிடும் என எதிர்பார்த்தோர் உளர். 1992-இல் அரசு தோட்டங்களைப் பிராந்தியக் கம்பனிகளிடம் நிருவாகத்துக்கு ஒப்படைத்தது. எல்கடுவவின் பெயரையே தாங்கிய பெருந்தோட்டக் கம்பனி அவற்றுள் ஒன்று. பின்னர் அது மீண்டும் அரசின் பொறுப்பிற்கு வந்தது. பொதுத்துறையைச் சார்ந்த தோட்ட நிறுவனங்களிலேயே சேமலாப நிதியும் பணிக்கொடையும் உரிய காலத்திற் செலுத்தப்படாது நிலுவையாய் நின்ற செய்தி பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது. சட்டத்தை இயற்றும் கையும் சம்பளத்தைக் கொடுக்கும் கையும் ஒன்றாயிருப்பதாலேயே தொழிலாளியின் உரிமை காப்பாற்றப்பட்டுவிடாது என்பதை இவ்வனுபவம் கற்பித்தது.

1989-இல் ஜனசவியவும், 1995-இல் சமுர்த்தியும் தொடங்கின. சமுர்த்தி கிராமங்களில் வேரூன்றிய அளவுக்குத் தோட்டங்களில் வேரூன்றவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் அங்கு மிகச் சிலரையே அது எட்டியது. இதன் விளைவைக் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தின் கணக்கெடுப்பே காட்டுகின்றது. 2002-க்கும் 2006/07-க்கும் இடையில் நாட்டின் வறுமை நூற்றுக்கு 22.7-இலிருந்து 15.2-ஆகக் குறைந்தது, அதே காலத்தில் தோட்டத்துறையின் வறுமை 30.0-இலிருந்து 32.0-ஆக ஏறியது. நாடு முழுவதும் படியேறியபோது மலையுச்சியில் வாழ்வோர் மட்டும் கீழிறங்கினர்.

சட்டத்தின் சுவர்களும் இக்காலத்தில் ஒவ்வொன்றாகவே அகற்றப்பட்டன. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. வாக்களித்தவன் வீட்டுப் பாதையைச் செப்பனிட அவன் தெரிந்தெடுத்த சபைக்கே வழியில்லாதிருந்தது. 2018-இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. இவ்வாறாக, 1948-இல் அடைக்கப்பட்ட வாயில் முழுதும் திறக்க எழுபது ஆண்டுகள் சென்றன.

2022-இன் பொருளாதார நெருக்கடியை அடுத்து, 2023 ஜூலையில் ‘அஸ்வெசும’ என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களை அளந்து, நான்கு பிரிவுகளாக வகுத்து, தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை வங்கிக் கணக்குகளுக்கே பணம் செலுத்தப்பட்டது. இடைத்தரகரின்றி உதவி செல்வது இதன் சிறப்பு. ஆயினும், அளவுகோல் எத்துணை நுண்ணியதாயினும், அளக்கப்படும் குடும்பத்துக்குத் தனி விலாசம் வேண்டும். ஒரே லயத்து அறையில் தாய் தந்தையரும் மணமுடித்த மகனும் வாழும்போது அது ஒரு குடும்பமா, இரண்டா? கடிதம் வந்து சேரும் விலாசம் அறையினதா, தோட்டத்தினதா? இவ்வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். பட்டியலில் ஒரு பெயர் இடம்பெறுவதும் விடுபடுவதும் இவற்றிலேதான் தங்கியுள்ளன.

அரசுதவி மக்களைச் சோம்பராக்கும் என்பார் கூற்றும் ஈண்டு ஆராயத்தக்கது. கையிலே வலுவுள்ளவனுக்கு வேலையே சிறந்த பாதுகாப்பு என்பதை மறுப்பாரில்லை. ஆனால், ஐம்பது ஆண்டு மலைச்சரிவில் கூடை சுமந்து, முதுகு வளைந்து நிற்கும் ஒருத்தியை நோக்கி இவ்வாதத்தைக் கூறுதல் பொருந்துமா? அவள் பறித்த கொழுந்தின் ஏற்றுமதி வருவாயிலும் வரியிலும் இந்நாட்டின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. இலவச அரிசிக்கும் இலவசக் கல்விக்கும் செலவிட்ட திறைசேரியை நிரப்பியவர்களுள் அவளும் ஒருத்தி. ஆதலின் அவள் பெறுவது பிறர் பொருளன்று. தான் முன்னரே கொடுத்ததில் ஒரு பங்கு.

இவ்வரலாற்றால் விளங்கும் உண்மை ஒன்றுண்டு. தொழில் கொடுப்போன் ஏட்டைப் பற்றி நின்ற பாதுகாப்பு, தொழிலோடு முடிந்தது. வருமானத்தை அளந்து கொடுத்த உதவி, ஏட்டிலே வருமானம் எழுதப்பட்டவனை விட்டு விலகியது. தலையெண்ணிக் கொடுத்த அரிசிப் பங்கீடே லயத்தின் கடைசி அறைவரை சென்றது. உதவித் தொகையின் அளவைப் போலவே, அது எந்த ஏட்டின் வழியே வருகின்றது என்பதும் முக்கியமானது. பெயரும் பிறப்பும் விலாசமும் பிழையின்றிப் பதிவாகி, குடிமக்கள் ஏட்டிலே தோட்டத்து மக்களுக்கும் தனிவரி ஒன்று அமைவதே அவர்களுக்குச் செய்யத்தக்க முதற் சமூகப் பாதுகாப்பு எனலாம்.

இப்பணியில் அரசினர்க்கு மட்டுமன்றி, கற்றோர்க்கும் பங்குண்டு. ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தலும், பெயர்ப்பிழை ஒன்றைத் திருத்த உடன் சென்று நிற்றலும், மேன்முறையீட்டுக்குரிய கடைசி நாளை அறிவித்தலும் பெரும் புலமை வேண்டாத தொண்டுகள். மலையகத்துப் பள்ளிகளிலிருந்து கல்லூரிகளுக்கு வந்திருக்கும் மாணவர் பலர் தம் பாட்டிமார்க்கு இதனைச் செய்தே வருகின்றனர். எல்கடுவவின் மலைப்பாதையிலே கூடையை இறக்கி வைத்துவிட்டு அமர்ந்திருக்கும் முதியவளுக்கு, அவள் இரவாமலே, அவள் பெயருக்கு வந்து சேரவேண்டியது வந்து சேரும் நாளில், ‘பிச்சைச் சம்பளம்’ என்ற சொல்லின் முற்பாதி நம் வழக்கிலிருந்து தானே மறைந்துவிடும்.